கண் திருப்பும் கண்ணாடி

மேகலாவைப் பொய் சொல்வதில் கெட்டிக்காரி என்று யாரும் சொல்ல முடியாது. வாழ்க்கையில் அவள் சொன்னது ஒரே ஒரு பொய்தான். அதையே பத்து வருஷமாகச் சொல்லிச் சொல்லி, அது மட்டும் நாக்கில் நன்றாகப் படிந்துவிட்டது. ‘எனக்கு லோ பி.பி.ங்க, அப்பப்பத் தலை சுத்தும்.’

பெண் பார்க்க வந்த அன்று அவளுடைய அப்பா சொல்லிக்கொடுத்த வாக்கியம் அது. மாப்பிள்ளை வீட்டார் காங்கேயத்துக்காரர்கள். ஒல்லிப் பெண்ணுக்குத் தலை சுற்றுவதில் என்ன அதிசயம் என்று மேற்கொண்டு கேட்காமல் விட்டார்கள். உண்மையில் அவளுக்குப் பதினான்கு வயதிலிருந்து வலிப்பு. கைகால் வெட்டி இழுத்துக்கொள்ளும் வகை அல்ல. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு நிமிஷத்துக்குக் கண் ஒரே இடத்தில் நின்றுபோகும். உதடு எதையோ சப்புக்கொட்டும். கையில் இருப்பது நழுவும். தெளிந்தபின் அவளுக்கே ஒன்றும் நினைவிருக்காது. மாத்திரையைக் கால்சியம் டப்பாவில் போட்டு வைத்து விழுங்கிக்கொண்டிருந்தாள். திருப்பூரில் பனியனில் ஓட்டை இருக்கிறதா என்று கேமராவே பார்த்துக் கழித்துப் போடும் காலம் அது. டிரைவர் இல்லாமல் பஸ் ஓடியது. ஆனால் வலிப்பு என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்ல எந்த வீட்டுக்கும் இன்னும் தைரியம் வந்தபாடில்லை.

புருஷன் நவநீதன் பிரிண்டிங் பட்டறை வைத்திருந்தான். காலையில் போனால் இருட்டித்தான் வருவான். நல்ல மனுஷன். அதுதான் அவளுக்கு வில்லங்கமாகப் போயிற்று. கெட்டவனாக இருந்திருந்தால் ஏதாவது ஒரு சண்டையில் போட்டு உடைத்திருப்பாள். இத்தனை பாசமாக இருப்பவனிடம் ‘உங்களை ஏமாத்தித்தான் கட்டிக்கிட்டேன்’ என்று எந்த வாயால் சொல்வது?

ஜூன் மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். வருஷா வருஷம் எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்கிற பார்வைச் சோதனையில் சாருவுக்கு ஏதோ அதிகமாக வந்திருக்கிறதாம். மகள் சாருமதி, எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் புண். வாரத்தில் இரண்டு நாள் வயிற்றுவலி என்று பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்பாள்.

“எண்பத்தொண்ணு,” என்றாள் ஆலோசகர் ஜெபசெல்வி. நாகர்கோவில் பக்கத்துப் பெண், சின்ன வயது, கனிவான குரல். “நாப்பதுக்குள்ள இருக்கணும்ங்க. திரையில ரெண்டு முகம் காட்டுவோம். ஒண்ணு கோபமா, ஒண்ணு சாதாரணமா. அரை வினாடிதான். கண்ணு எதுக்கு முதல்ல போகுது, போய் எவ்வளவு நேரம் நிக்குதுன்னு பாப்போம்.”

“கோவமான மூஞ்சியத்தானுங்க எல்லாரும் பாப்பாங்க?”

“கரெக்ட். ஆறு மாசக் குழந்தைகூடப் பாக்கும். வளர வளரப் பாத்துட்டுக் கண்ணை எடுத்துக்கப் பழகிரும். சில பிள்ளைகளுக்கு மட்டும் கண்ணு அங்கேயே மாட்டிக்கும். அந்தப் பிள்ளைங்கதான் பின்னால எதுக்கெடுத்தாலும் பதறுது.”

மேகலா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். கேமரா கழித்ததை மனிதக் கண்ணால் ஒருமுறை பார்க்கிற வேலை. மாலையில் வீட்டுக்கு வந்தால் திரைச்சீலை, தலையணை உறை எல்லாவற்றிலும் அவள் கண்ணுக்கு ஓட்டைதான் முதலில் தெரியும். அதனால் ஜெபசெல்வி சொன்னது அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது.

“பயப்படுறதால பாக்குதுங்களா, பாக்குறதால பயப்படுதுங்களா?”

ஜெபசெல்வி சிரித்துவிட்டாள். “இந்தக் கேள்விக்கு எங்க ஆளுங்களுக்கே இன்னும் பதில் தெரியாது. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தள்ளிவிடுதுன்னு நினைக்கோம். எங்க கையில இருக்கது கண்ணை மட்டும் திருப்புறதுதான். திருப்பினா முக்கால்வாசிப் பிள்ளைங்களுக்குப் பயமும் குறையுது.”

பிறகு ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். போன வாரம் இரண்டு நாள் சாரு வீட்டில் போட்டிருந்த சோதனைக் கண்ணாடி பதிவு செய்தது. வீட்டில் அவள் கண் எங்கெல்லாம் போய் நின்றது என்பதற்குப் புள்ளிகள். டிவியில் நாலு புள்ளி, அப்பாவின் முகத்தில் ஏழெட்டு. தாளில் மேகலாவின் முகம் மட்டும் புள்ளி அப்பி, அம்மை போட்டது மாதிரி கறுத்துக் கிடந்தது.

“நீங்க அமைதியாச் சாப்பிட்டுட்டு இருக்கீங்க. அப்பவும் நாலு வினாடிக்கு ஒருதடவை பாத்திருக்கா. தப்பா எடுத்துக்காதீங்க, பிள்ளையை அடிப்பீங்களா?”

“ஐயோ, இல்லீங்க மேடம்! அதட்டக்கூட மாட்டேனுங்க.”

“சரி. இந்தக் கேள்விகளை அப்பாகிட்டயும் தனியாக் கேட்டாச்சு. அவர் சொன்னதை உங்ககிட்டச் சொல்ல மாட்டேன், நீங்க சொல்றதை அவர்கிட்டச் சொல்ல மாட்டேன்.” படிவத்தைத் திருப்பினாள். “வீட்டுல யாருக்காவது குடிப்பழக்கம், திடீர் மயக்கம், வலிப்பு, அடிதடி, ஏதாவது உண்டா?”

மேகலா நாற்காலியின் நுனிக்கு வந்தாள். “ஏனுங்க மேடம், அதெல்லாம் எதுக்கு?”

“முக்கியமான கேள்விங்க இது. அப்படி இருக்க வீட்டுல கண்ணைத் திருப்புற கண்ணாடியைக் குடுக்கக் கூடாது. அங்க அந்தப் பிள்ளை பாக்கது வியாதி இல்லை, வேலை. வேலையை நிறுத்திட்டா ஆபத்து வரும்போது யார் பாக்கது?”

சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஏனென்றால் சாரு எதற்காகப் பார்க்கிறாள் என்பது மேகலாவுக்குத் தெரியும். யூகேஜி படிக்கும்போது ஒருநாள் அடுப்படியில் அம்மாவுக்குக் கண் நின்று போனதை அந்தக் குழந்தை பார்த்துவிட்டது. ஐந்து வயசுப் பிஞ்சு, கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. தெளிந்து பார்த்த மேகலா என்ன செய்தாள்? வாரி அணைத்தாளா? அதெல்லாம் அப்புறம். முதலில் குழந்தையின் உள்ளங்கையை எடுத்துத் தன் உச்சந்தலையில் வைத்தாள். “அப்பாகிட்ட, அப்பத்தாகிட்ட, யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அம்மா தலைமேல சத்தியம் பண்ணு.”

“சொன்னா என்னாகும்மா?”

“சொன்னா அம்மா செத்துப்போயிருவேன்.”

பிள்ளை தலையாட்டியது. அன்றிலிருந்து மூன்று வருஷம். அதற்குப் பிறகு ஒருமுறைகூட மேகலா கீழே விழுந்ததில்லை, சுட்டுக்கொண்டதில்லை. எப்போது கண் தெளிந்தாலும் சாரு பக்கத்தில் இருப்பாள். கையிலிருந்த கத்தியோ டம்ளரோ பத்திரமாக மேடையில் இருக்கும். பட்டறைக்காரன் சம்சாரத்துக்கு எட்டு வயதில் ஒரு காவல்காரி.

“இல்லீங்க மேடம். அந்த மாதிரி எதுவும் இல்லீங்க,” என்றாள் மேகலா.

மனதுக்குள் ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டாள். பிள்ளை நிம்மதியாக இருக்கட்டும். தனக்கு வருவது வரட்டும். தாய் இதைக்கூடச் செய்யவில்லை என்றால் எப்படி? கேட்க நன்றாகத்தான் இருந்தது. உண்மையான காரணம் ஒன்றுதான், படிவத்தில் ‘ஆம்’ போட்டால் நவநீதனுக்குத் தெரிந்துவிடும். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

கண்ணாடி பார்ப்பதற்குச் சாதாரணமாக இருந்தது. நீலச் சட்டம், காதுப்பக்கம் ஒரு சின்னப் பொட்டு. தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம், நாற்பது நாள் போட வேண்டும். அம்மாவின் முகத்துக்குக் கண் போனால் அந்த முகம் லேசாக மங்கும். பக்கத்திலிருக்கும் பூந்தொட்டியோ படப்புத்தகமோ பளிச்சென்று தெரியும். அவ்வளவுதான். முதல் வாரம் சாருவுக்குத் தலைவலி. மூன்றாம் வாரம் ஒரு காலையில் வயிற்றுவலி என்று சொல்லாமலேயே பையை மாட்டிக்கொண்டு வேனுக்கு ஓடினாள். ஐந்தாம் வாரம் எதிர்வீட்டுப் பிள்ளையோடு சேர்ந்து சிரித்த சிரிப்பு மாடிவரை கேட்டது. சாருவுக்கு இவ்வளவு சத்தமாகச் சிரிக்க வரும் என்பதே மேகலாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இந்தச் சிரிப்பை மூன்று வருஷமாகத் தன் தலையில் கைவைத்து வாங்கிய சத்தியத்துக்குள் பூட்டி வைத்திருந்தவள் தானே அல்லவா?

“முப்பத்திநாலு!” என்று ஜெபசெல்வி போனில் குதூகலித்தாள். “பயிற்சியை முடிச்சுக்கலாம். இனிக் கண்ணாடி இல்லாமலே கண்ணு தானா விலகிக்கும்.”

விலகத்தான் செய்தது. சாப்பிடும்போது சாருவின் பார்வை தட்டுக்குப் போகும், அப்பாவுக்குப் போகும், ஜன்னலுக்குப் போகும். நடுவில் அம்மா இருக்கிற இடத்தைச் சுவரைத் தாண்டுவதுபோலத் தாண்டிவிடும். சந்தோஷப்பட வேண்டியவள்தான் மேகலா. ஆனாலும் மகளே தன்னைப் பார்க்க மாட்டேன் என்கிறாள் என்று மனசுக்குள் குறைப்படுவாள். இப்படி நினைப்பதற்கு உனக்கு வெட்கமில்லையா என்று அவளே அவளைத் திட்டிக்கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. நவநீதன் கறி வாங்கப் போயிருந்தான். சாரு ஹாலில் தரையில் குப்புறப் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவே சுவர் கிடையாது. எட்டு அடி இருந்தால் அதிகம். மேகலா கல்லில் தோசை ஊற்றினாள்.

அடுத்து அவளுக்குத் தெரிந்தது தீய்ந்த நாற்றம். முழங்கைக்குக் கீழே தோல் கல்லோடு ஒட்டியிருந்தது. சட்டென்று இழுத்தாள். வலி அதற்குப் பிறகுதான் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள்.

சாரு தலையைத் தூக்காமல் மயிலுக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தாள். “அம்மா, தோசை தீயுது பாரு,” என்றாள்.

மேகலா அடுப்பை அணைத்தாள். கையைத் துண்டில் சுற்றுவதற்குள் ‘ஆ’ என்று ஒரு சத்தம் தானாக வெளியே வந்துவிட்டது. சாரு எழுந்து ஓடிவந்தாள். துண்டை விலக்கிப் பார்த்தாள். வெந்து வெளுத்திருந்த தோலைப் பார்த்ததும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

“அம்மா, அது வந்துச்சா? இப்ப வந்துச்சா?”

“ஒண்ணுமில்ல சாமி, சின்னதுதான்...”

சாரு அம்மாவின் முகத்தைப் பார்க்க அண்ணாந்தாள். பார்வை காதுக்கு நழுவியது. மறுபடி முயன்றாள், சுவருக்குப் போயிற்று. இரண்டு கையாலும் அம்மாவின் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். “பாக்க முடியலைம்மா. உன் மூஞ்சி நிக்க மாட்டேங்குது.” உதடு கோணியது. “என்னாலதான். நான் சொன்னதாலதான்.”

“நீ என்ன பண்ணுன? எல்லாம் அந்தக் கண்ணாடி...”

“நான் அப்பாகிட்டச் சொல்லிட்டேன்மா.”

மேகலா கேட்டது சரிதானா என்று நின்றாள். “எப்ப?”

“அப்பவே. யூகேஜி லீவுல. அப்பா உன் கால்சியம் டப்பாவத் திறந்து வெச்சுட்டு உக்காந்திருந்தாரு. அம்மாவுக்கு என்ன ஆகும் கண்ணுன்னு கேட்டாரு. நான் வாயவே திறக்கல. அப்பா அழுதாரும்மா. அதான் சொல்லிட்டேன்.” விம்மல் விம்மலாக வந்தது. “அப்பாவுக்குத் தெரியும்னு அம்மாவுக்குத் தெரிஞ்சா அம்மா கூனிக் குறுகிப் போயிருவா, சொல்லாதேன்னாரு. நான் பட்டறைக்குப் போயிட்டா நீதான் அம்மாவப் பாத்துக்கோணும்னாரு. அவரு தலைமேல என் கையை வெச்சு...”

“சத்தியம் வாங்குனாரா?”

சாரு தலையாட்டினாள். “உன் சத்தியத்த உடைச்சுட்டேன்ல. அதான் நீ எப்பச் செத்துருவியோன்னு பாத்துட்டே இருந்தேன். நான் பாத்துட்டே இருந்தா ஆகாதுன்னு நினைச்சேன். கண்ணாடி போட்டப்புறம் மறந்தே போச்சும்மா. நல்லா இருந்துச்சு. மறந்துட்டேன்.”

நாலு வினாடிக்கு ஒருமுறை அந்தக் கண் தன் முகத்தில் வந்து நின்றது, வலிப்பு வருகிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் இல்லை. தான் செய்த குற்றத்துக்கு அம்மா செத்துவிட்டாளா, இன்னும் இருக்கிறாளா என்று பார்ப்பதற்கு. மேகலாவுக்குக் கையின் எரிச்சல் மறந்தே போயிற்று. அடிப்பாவி, பெற்ற பிள்ளைக்கு இப்படி ஒரு தண்டனையா என்று மனசு மாரில் அடித்துக்கொண்டது.

அதற்குள் சாரு திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ. இப்ப உன்கிட்டச் சொல்லிட்டேன்.” கண் அகன்றது. “அப்பா! அப்பா வண்டியில போயிருக்காரு!”

செருப்புக்கூடப் போடாமல் கேட்டுக்கு ஓடினாள். கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருமுனையைப் பார்த்து ‘அப்பா, அப்பா’ என்று அலறினாள். அக்கம்பக்கத்தில் கதவுகள் திறந்தன. மேகலா துண்டு சுற்றிய கையோடு பின்னாலேயே ஓடிப் பிடித்தாள்.  பத்து நிமிஷம் போயிருக்கும். நவநீதன் கறிப் பையோடு வண்டியைத் திருப்பினான். சாரு பாய்ந்து அவன் காலைக் கட்டிக்கொண்டு, கை, வயிறு, முதுகு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

“ஏன் கண்ணு, என்னாச்சு?” என்றவன் மேகலாவின் கையைப் பார்த்தான். கறிப் பை கீழே விழுந்தது.

“உங்களுக்குத் தெரியுமாமே?” என்று கேட்டாள் மேகலா.

அவன் எதைப் பற்றி என்று கேட்கவில்லை. “மூணு வருஷமா,” என்றான்.

“அந்த ஃபார்ம்ல என்னன்னு போட்டீங்க?”

“இல்லைன்னு.” கீழே விழுந்த பையைக் குனிந்து எடுத்தான். “நீ இல்லைன்னுதான் சொல்லுவேன்னு தெரியும். நான் மாத்திச் சொன்னா உன்னைக் கூப்பிட்டுக் கேப்பாங்க, உனக்கு அசிங்கமாப் போயிருமேன்னு நினைச்சேன் புள்ளை.”

ஒருத்தரை ஒருத்தர் காப்பாற்றுகிறோம் என்று இரண்டு பெரியவர்கள் சேர்ந்து, ஆளுக்கொரு பக்கமாக ஒரு குழந்தையின் கையைப் பிடித்துத் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அழுவதற்குக்கூடத் தனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது மேகலாவுக்கு. அவன் அழுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போக டிரைவரில்லாத வாடகைக் கார் வந்தது. எதிரெதிர் சீட் இருந்தும் மூவரும் ஒரே சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். போகிற வழியிலேயே மேகலா ஜெபசெல்விக்குப் போன் போட்டு, வலிப்பு என்ற சொல்லைப் பத்து வருஷத்தில் முதல்முறையாகச் சத்தமாகச் சொன்னாள்.  “நாளைக்கு மூணு பேரும் வாங்க,” என்றாள் ஜெபசெல்வி. “பயிற்சியைத் தலைகீழாத் திருப்பிப் பாக்கலாம். ஆனா, சாரு முன்ன மாதிரியே உங்களைப் பாத்துட்டு இருக்கணும்னா கேக்கீங்க?”

“வேண்டாமுங்க,” என்றாள் மேகலா. “இனி மாத்திரை சாப்பிடுறத அவரு பாத்துக்குவாரு. கம்பெனியிலயும் சொல்லிருவேன். எம்புள்ள என்னைப் பாத்தா, புள்ள அம்மாவப் பாக்குற மாதிரிப் பாத்தாப் போதுமுங்க.”

நவநீதன் சாருவின் தலையைக் கோதினான். “சத்தியமெல்லாம் சும்மா சாமி. சொன்னதால யாருக்கும் ஒண்ணும் ஆகாது. பாரு, நான் நல்லா இருக்கேன், அம்மா நல்லா இருக்கா.”

சாரு யோசித்தாள். “அப்புறம் எதுக்குச் சத்தியம் வாங்குனீங்க?”

நவநீதன் மேகலாவைப் பார்த்தான்.

“எங்களுக்குப் பயம் கண்ணு,” என்றாள் மேகலா. “ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கப் பயந்துட்டு, அத்தனையும் தூக்கி உன் தலையில வெச்சுட்டோம். தப்பு எங்களோடது. உன் பேர்ல ஒரு தப்பும் இல்ல.”

சாரு அம்மாவின் பக்கம் திரும்பினாள். கண் முகத்துக்கு வந்து, வழுக்கி, தோளுக்கு இறங்கியது. “இப்ப நான் யாரப் பாத்துக்கோணும்?”

“யாரையும் வேண்டாம் சாமி. நீ பாட்டுக்கு வெளிய வேடிக்கை பாத்துட்டு வா.”

சரி என்று தலையாட்டிவிட்டு சாரு ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஒரு கை அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்திருந்தது, இன்னொரு கை அப்பாவின் சட்டையை. நொய்யல் பாலம் வந்தது, சாயப்பட்டறைகள் வந்தன, யாரோ தெருவில் பலூன் கட்டிக்கொண்டிருந்தார்கள். காவலுக்கு நிற்பவள்போல முதுகை நிமிர்த்தி, கழுத்தை விறைப்பாக வைத்து, இமைகூடக் கொட்டாமல் எல்லாவற்றையும் பார்த்தாள். சிக்னலில் கார் நின்றது.

“அம்மா,” என்று கேட்டாள், முகத்தைத் திருப்பாமல். “இன்னும் பாக்கோணுமா?”